உயிருள்ள மருந்து யாருடைய உடைமை?

2024 ஏப்ரல் 4 அன்று மும்பை பவாயில் உள்ள ஐஐடி வளாகத்தில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு ஒரு புற்றுநோய்ச் சிகிச்சையைத் தொடங்கி வைத்தார். நோயாளியின் இரத்தத்திலிருந்தே நோய் எதிர்ப்புச் செல்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் மரபணுவில் மாற்றம் செய்து, மீண்டும் அதே நோயாளியின் உடலில் செலுத்தும் ‘கார்-டி செல்’ சிகிச்சை அது. இந்திய மண்ணில் உருவாக்கப்பட்டவற்றில் முதலாவது. அமெரிக்காவில் ஆகும் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் என்று அது கொண்டாடப்பட்டது. கொண்டாட்டத்தில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கு என்பது சுமார் 40 லட்சம் ரூபாய்.

ஒன்றிய அரசு தன் பெருமைக்குரிய சாதனையாகச் சொல்லிக்கொள்ளும் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு உச்சவரம்பு 5 லட்சம் ரூபாய். எட்டு ஆண்டுகளின் காப்பீட்டை ஒன்றாகக் கூட்டினால்தான் ஒரே ஒரு முறை செலுத்தும் இந்த மருந்தின் விலையை எட்ட முடியும். இரத்தப் புற்றுநோய் முற்றியவருக்கு எட்டு மாதமே பெரிய காலம்.

இவ்வளவு விலையுள்ள ஒன்றைப் பற்றி உழைக்கும் மக்களின் இயக்கம் ஏன் பேச வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாராசிட்டமால் இல்லாத நாட்டில் இது யாருடைய கவலை என்று கேட்கப்படலாம். கேள்வி நியாயமானது. ஆனால் இந்தச் சிகிச்சை மக்கள் பணத்தில் பிறந்தது. அடுத்த கட்டமாக வரவிருப்பதும் மக்கள் பணத்தில் கட்டப்பட்ட நிறுவனங்களின் தோளில் ஏறித்தான் வரும். அதன் விலையும் உடைமையும் முடிவாகிவிட்ட பிறகு பேசுவதில் பயன் இருக்காது.

செல்லே மருந்தாகும்போது

உடலுக்குள் புகும் வைரஸையும் கெட்டுப்போன செல்லையும் இனங்கண்டு அழிப்பது டி செல்களின் வேலை. புற்றுநோய்ச் செல் பெரும்பாலும் அவற்றின் பார்வையிலிருந்து தப்பிவிடுகிறது. காரணம், அது வெளியிலிருந்து வந்ததன்று. உடலின் சொந்தச் செல்தான் தடம் மாறியிருக்கிறது. கார்-டி சிகிச்சையில் டி செல்லுக்கு ஒரு புதிய அடையாள உணர்வு பொருத்தப்படுகிறது. நோய் உண்டாக்கும் திறன் நீக்கப்பட்ட ஒரு வைரஸின் துணையோடு புதிய மரபணு டி செல்லுக்குள் செலுத்தப்படுகிறது. அதன் பிறகு அந்தச் செல், பி வகை இரத்தச் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் சிடி19 என்னும் புரதத்தைக் கண்டால் பாய்ந்து அழிக்கும். லுக்கேமியா, லிம்போமா ஆகியவற்றில் பல வகைகள் இந்தப் பி செல்கள் கெட்டுப்போவதால் வருபவை. மாற்றப்பட்ட செல்கள் ஆய்வகத்தில் பல கோடியாகப் பெருக்கப்பட்டு, ஒரே தடவையில் நோயாளியின் நரம்பு வழியாக ஏற்றப்படுகின்றன. உடலுக்குள் சென்ற பிறகும் அவை பெருகுகின்றன. அதனால்தான் இதனை ‘உயிருள்ள மருந்து’ என்கிறார்கள்.

மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய இச்சிகிச்சை முதன்முதலாக 2021 ஜூன் 4 அன்று நவி மும்பை கார்கரில் உள்ள டாடா மையத்தின் ஆய்வு மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு அளிக்கப்பட்டது. மற்ற சிகிச்சைகள் கைவிட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்ட பரிசோதனையின் முடிவுகள் 2025இல் ‘லான்செட் ஹெமட்டாலஜி’ இதழில் வெளியாயின. மதிப்பிடப்பட்டவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினரிடம் நோய் பின்வாங்கியது. வேறு வழியே இல்லை என்று சொல்லப்பட்டவர்களிடம் கிடைத்த முடிவு என்பதால் இது சாதாரணமானதன்று.

குறைகளும் உண்டு. சிலரிடம் கடும் காய்ச்சலும் இரத்த அழுத்தச் சரிவும் உண்டாகித் தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்படுகிறது. இன்னொரு குறை ஆழமானது. புற்றுநோய்ச் செல்களில் சில, சிடி19 புரதத்தையே உதிர்த்துவிடுகின்றன. அடையாளத்தை இழந்த அந்தச் செல்கள் டி செல்லின் கண்ணில் படுவதில்லை. பின்வாங்கிய நோய் சில மாதங்களில் திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இங்கேதான் கதிர்வீச்சு உள்ளே வருகிறது. கதிரியக்க அணு ஒன்று வெளியிடும் பீட்டா துகள் உடலுக்குள் சில மில்லிமீட்டர் வரை பாயும்; ஆல்பா துகள் சில செல்களின் தடிமன் அளவே பாய்ந்தாலும் அங்கே மிகக் கடுமையான சேதத்தை விளைவிக்கும். இரண்டுமே அடையாளப் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் செல்லையும் சேர்த்தே தாக்கும். ஆகவே, கட்டியைத் தேடிச் செல்லும் திறன் டி செல்லிடம் இருக்க, அடையாளம் இழந்து தப்பும் செல்லைக் கொல்லும் திறன் கதிர்வீச்சிடம் இருக்க, இரண்டையும் ஏன் இணைக்கக் கூடாது என்ற கேள்வி எழுந்தது.

நோயாளியின் சொந்த வெள்ளணுக்களில் கதிரியக்கப் பொருளை ஏற்றித் திரும்பச் செலுத்துவது புதிய யோசனை அன்று. உடலில் மறைந்திருக்கும் கிருமித் தொற்றைப் படம் பிடிக்க அணு மருத்துவத் துறைகள் பல்லாண்டுகளாக அவ்வாறு செய்து வருகின்றன. ஆனால் படம் பிடிக்கச் சிறு அளவு போதும். கொல்வதற்கு அதிகம் வேண்டும். அவ்வளவு கதிர்வீச்சைச் சுமந்தால் சுமப்பவரே முதலில் மடிவார், ஏனெனில் உடலில் கதிர்வீச்சுக்கு எளிதில் பலியாகும் செல்களில் டி செல்லும் ஒன்று. இதனால் ஆய்வாளர்கள் வேறு வழியை நாடுகிறார்கள். டி செல்லின் மேற்பரப்பில் கதிரியக்கப் பொருளைப் பற்றிக்கொள்ளும் ஒரு பிடியும் சேர்த்துப் பொருத்தப்படுகிறது. செல்கள் முதலில் சென்று கட்டியில் குடியேறிப் பெருகுகின்றன. பின்னர் கதிரியக்கப் பொருள் தனியாக ஊசி மூலம் செலுத்தப்படுகிறது. பிடியில் சிக்கியது அங்கேயே தங்கும்; மீதி சிறுநீரில் வெளியேறும். இன்னும் ஆய்வுக்கூட நிலையில்தான் இது நிற்கிறது. நாளையே மருத்துவமனைக்கு வந்துவிடும் என்று எவரும் சொல்லவில்லை.

இரண்டு பாதிகளும் பொதுத்துறையில்

இந்தியாவைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மாற்றப்பட்ட டி செல், கதிரியக்க ஐசோடோப்பு என்ற இரண்டு பாதிகளும் இங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. டாடா நினைவு மருத்துவமனை, பெயரில் டாடாவைச் சுமந்தாலும், 1962 முதல் ஒன்றிய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் இயங்குவது. அதன் பரேல் வளாகத்திலேயே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிர்வீச்சு மருத்துவ மையம் 1960களிலிருந்து செயல்பட்டு வருகிறது. தைராய்டு புற்றுநோய்க்கான அயோடின்-131, வேறு சில புற்றுநோய்களுக்குப் பயன்படும் லுட்டீசியம்-177 ஆகியவை டிராம்பேயில் உள்ள துருவா ஆராய்ச்சி உலையில் உருவாகின்றன. அவற்றைப் பதப்படுத்தி நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்புவது வாஷியில் உள்ள கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியம். எல்லாமே அரசு நிறுவனங்கள்.

ஆல்பா துகள் சிகிச்சையில் உலகமே தேடி அலையும் ஆக்டினியம்-225இன் கதையும் இதையொட்டியதே. அதன் முக்கிய மூலம், யுரேனியம்-233 சிதையும்போது மெல்ல மெல்லச் சேரும் தோரியம்-229. அமெரிக்காவும் ரஷ்யாவும் தம்முடைய பழைய அணு இருப்புகளிலிருந்து அதனைக் கறந்தெடுக்கின்றன. யுரேனியம்-233ஐ எரிபொருளாகக் கொண்ட காமினி உலை கல்பாக்கத்தில் 1996 முதல் இருக்கிறது. தோரியத்தை நம்பி அரை நூற்றாண்டுக்கு மேல் பொதுப்பணத்தில் அணுத்திட்டம் நடத்திய நாட்டில், அதன் மருத்துவப் பயனைப் பற்றி நாடாளுமன்றத்தில் எத்தனை நிமிடம் பேசப்பட்டிருக்கும் என்பது தனிக் கேள்வி.

கதிரியக்க மருந்துக்கு ஒரு விசித்திரமான இயல்பு உண்டு. அதைப் பதுக்க முடியாது. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகக் குறைந்துவிடும். லுட்டீசியம்-177க்கு ஏழு நாளுக்கும் குறைவு. உலை நின்றால் சிகிச்சை நிற்கும். 2009இல் கனடாவின் சாக் ரிவர் உலை பழுதாகி ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடந்தபோது உலகெங்கும் இதயப் பரிசோதனைகளும் புற்றுநோய்ப் பரிசோதனைகளும் தள்ளிப்போயின. உற்பத்தி இடைவிடாமல் நடக்க வேண்டும். தேவைக்கு மேல் சற்று உபரித் திறனும் இருக்க வேண்டும். உபரித் திறனை வைத்துப் பராமரிக்கத் தனியார் மூலதனத்துக்கு எந்த அவசரமும் கிடையாது.

இப்படிப்பட்ட துறையைத்தான் மோடி அரசு கொரோனா காலத்தில் கைமாற்ற முனைந்தது. புலம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்த 2020 மே மாதத்தில், ‘ஆத்மநிர்பர்’ தொகுப்பு என்ற பெயரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தவற்றில், மருத்துவ ஐசோடோப்புகளுக்கான ஆராய்ச்சி உலையை அரசு–தனியார் கூட்டில் அமைப்பதும் ஒன்று. மலிவான புற்றுநோய்ச் சிகிச்சைக்காக என்று காரணம் சொல்லப்பட்டது. நிலக்கரிச் சுரங்கம், விமான நிலையம், விண்வெளி ஆகியவற்றோடு சேர்த்து ஒரே மூச்சில் வாசிக்கப்பட்ட அறிவிப்பு என்பதால் அப்போது அது பெரிதாகக் கவனம் பெறவில்லை.

சந்தை கொன்ற ஒரு மருந்து

கதிர்வீச்சையும் நோய் எதிர்ப்பு அறிவியலையும் இணைத்த மருந்தைச் சந்தையிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. லிம்போமாவுக்காக பெக்சார் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2003இல் ஒப்புதல் கிடைத்தது. புற்றுநோய்ச் செல்லைத் தேடிப் பற்றும் எதிர்ப்பொருள் ஒன்றோடு அயோடின்-131ஐப் பிணைத்த மருந்து அது. வேறு சிகிச்சைக்குக் கட்டுப்படாத பலரிடம் நல்ல பலன் தந்தது. பல மாதங்கள் நீளும் கீமோதெரபிக்குப் பதிலாக ஓரிரு வாரத்தில் முடிந்துவிடும் சிகிச்சை. ஆனாலும் 2014இல் கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் நிறுவனம் அதன் உற்பத்தியை நிறுத்தியது. வாங்குவோர் இல்லை என்பதே காரணம்.

வாங்குவோர் ஏன் இல்லாமற்போனார்கள்? போட்டிக்கு எளிதான மருந்துகள் இருந்தன என்பதும், எலும்பு மஜ்ஜை பாதிப்பு குறித்த அச்சம் மருத்துவர்களிடம் இருந்தது என்பதும் உண்மை. ஆனால் அந்நாட்டு மருத்துவ உலகிலேயே வெளிப்படையாகப் பேசப்பட்ட இன்னொரு காரணம் உண்டு. அங்கே புற்றுநோய் மருத்துவர் தம் மருத்துவகத்தில் வைத்துக் கீமோதெரபி செலுத்தினால் அந்த மருந்தின் விலையில் அவருக்கும் ஒரு பங்கு கிடைக்கும். கதிரியக்க மருந்தையோ மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில் வைத்துத்தான் செலுத்த முடியும். நோயாளியை அங்கே அனுப்பினால் வருமானமும் அங்கே போய்விடும். ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதைவிட, அதனால் எவருடைய கல்லாவுக்கு எவ்வளவு சேர்கிறது என்பது அதன் ஆயுளைத் தீர்மானித்தது.

கார்-டி சிகிச்சையின் வரலாறும் அங்கே இதே தடத்தில்தான் ஓடியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவானதை நோவார்ட்டிஸ் 2012இல் உரிமம் பெற்று எடுத்துக்கொண்டது. 2017இல் ஒப்புதல் கிடைத்ததும் அதற்கு வைத்த விலை 4,75,000 டாலர். அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஆய்வை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்த கைட் என்னும் நிறுவனத்தை, அதே ஆண்டில் கிலியட் 1,190 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அந்த 1,190 கோடியும் நோயாளிகளின் பில்லிலிருந்து திரும்ப எடுக்கப்பட வேண்டிய பணம்.

இந்தியாவில் நடந்தது இதன் சிறிய வடிவம். பரிசோதனைக்காக ஒன்றிய அரசின் தேசிய உயிரி மருந்து இயக்கம் டாடா–ஐஐடி குழுவுக்கு 19.15 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆய்வகம் அரசினுடையது, மருத்துவமனை அரசினுடையது, தம் உடலைப் பரிசோதனைக்குக் கொடுத்தவர்கள் அந்த மருத்துவமனையின் நோயாளிகள். மருந்தோ ஐஐடி வளாகத்தில் அடைகாக்கப்பட்ட இம்யூனோஆக்ட் என்ற தனியார் நிறுவனத்தின் சரக்காக வெளிவந்தது. ஹைதராபாத்தின் லாரஸ் லேப்ஸ் 2021இலேயே அதில் கால் பங்குக்கு மேல் வாங்கிவிட்டது. இதைச் சொல்வது விஞ்ஞானிகளைக் குறை கூறுவதற்காக அன்று. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தால் கோடிகளில் ஆகும் பொருட்களை உள்ளூரிலேயே தயாரித்து விலையைப் பத்தில் ஒன்றாக்கியது அவர்களுடைய உழைப்பும் பிடிவாதமும்தான். ஆனால் பொதுப்பணத்தில் விளைந்ததை மக்களிடம் கொண்டு செல்ல நிறுவனம் தொடங்குவதைத் தவிர வேறு பாதையே அவர்களுக்குத் திறந்து வைக்கப்படவில்லை.

அமெரிக்காவில் 1980 முதல் நடைமுறையில் உள்ள, பொதுநிதி ஆய்வின் காப்புரிமையைத் தனியாரிடம் தள்ளிவிடும் சட்டத்தின் நகலை 2008இல் இங்கேயும் மாநிலங்களவையில் கொண்டுவந்தார்கள். அது சட்டமாகவில்லை. சட்டமில்லாமலேயே அதன் நோக்கம் நடைமுறையாகிவிட்டது.

பழைய ஆயுதம் இங்கே வெட்டாது

இரத்தப் புற்றுநோய் என்றதும் இடதுசாரி இயக்கத்துக்கு நினைவுக்கு வர வேண்டிய போராட்டம் ஒன்று உண்டு. 2005இல் காப்புரிமைச் சட்டம் உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்கேற்பத் திருத்தப்பட்டபோது, இடதுசாரிக் கட்சிகள் நாடாளுமன்றத்தில் கொடுத்த நிர்ப்பந்தத்தால் மக்கள் நலனுக்கான பாதுகாப்புகள் வலுப்படுத்தப்பட்டன. பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து புதுக் காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் 3(டி) பிரிவு அத்திருத்தத்தின் இதயம். நாள்பட்ட இரத்தப் புற்றுநோய்க்கான கிளைவெக் மாத்திரைக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நிராகரித்தது இந்தப் பிரிவின் அடிப்படையில்தான். மாதம் லட்சத்துக்கு மேல் விலை சொல்லப்பட்ட மாத்திரையை இந்திய நிறுவனங்கள் பத்தாயிரத்துக்கும் குறைவாகத் தந்தன. உயிரோடிருக்கும் ஆயிரமாயிரம் நோயாளிகள் அந்த வெற்றியின் சாட்சிகள்.

அந்த ஆயுதத்தை மட்டும் நம்பி உயிருள்ள மருந்துக்கான போரில் இறங்க முடியாது. மாத்திரையின் வேதிச்சேர்மம் தெரிந்தால் யாரும் தயாரிக்கலாம். டன் கணக்கில் தயாரித்தால் விலை தானாகச் சரியும். கார்-டி மருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே, அவருடைய செல்லிலிருந்தே தயாரிக்கப்படுவது. ஒருவருக்கான பை இன்னொருவருக்கு உதவாது. காப்புரிமை அறவே இல்லையென்றாலும், தூய்மை அறைகளும் வைரஸ் தயாரிப்புக் கூடமும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளர்களும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களே விலையைச் சொல்வார்கள். கதிரியக்கமும் சேர்ந்துவிட்டால் ஆராய்ச்சி உலை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியும் கூடவே வரும். ஆகவே காப்புரிமையைப் பற்றிய வாதம், உற்பத்திச் சாதனங்களின் உடைமையைப் பற்றிய வாதமாக மாறியாக வேண்டும். மார்க்சியம் படித்தவர்களுக்கு இது அந்நியமான வாதமன்று.

அரசு மருத்துவமனையால் இதையெல்லாம் தயாரிக்க முடியுமா என்று ஏளனமாகக் கேட்பவர்களுக்கு பார்சிலோனா பதில் சொல்லியிருக்கிறது. அந்நகரின் ஹோஸ்பிட்டல் கிளினிக் என்னும் பொது மருத்துவமனை தனக்கான கார்-டி சிகிச்சையைத் தானே உருவாக்கி, தன் வளாகத்திலேயே தயாரித்து, ஸ்பெயின் அரசின் ஒப்புதலை 2021இல் பெற்றது. பன்னாட்டு நிறுவனங்கள் மூன்று லட்சம் யூரோவுக்கு மேல் கேட்ட இடத்தில் அது பொதுச் சுகாதாரத் துறையிடம் பெற்றது 90,000 யூரோவுக்கும் குறைவு. இதில் கசப்பான ஒரு திருப்பமும் இருக்கிறது. பார்சிலோனாவின் அதே தொழில்நுட்பம் இந்தியாவுக்கும் வந்தது. பெங்களூரின் இம்யூனீல் நிறுவனம் 2025இல் அதனைத் தன் வணிகப் பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் பொது மருத்துவமனை உருவாக்கியது, இங்கே வந்து சேர்ந்த இடம் தனியார் நிறுவனம்.

பொது உற்பத்தி என்றதும் தமிழகத் தோழர்களின் நினைவுக்குச் செங்கல்பட்டு வரும். பல நூறு கோடி ரூபாயில் கட்டப்பட்டு, பெருந்தொற்றின்போதும் ஒரு தடுப்பூசியைக்கூட உற்பத்தி செய்யாமல் கிடந்த எச்எல்எல் வளாகம் அது. திறமையின்மையால் கிடந்தது என்று சொல்வோர், 2008இல் கிண்டி, குன்னூர், கசௌலி ஆகிய மூன்று இடங்களின் பொதுத்துறைத் தடுப்பூசி ஆலைகளை அரசே ஒரே நேரத்தில் முடக்கியதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

டாடா நினைவு மையத்துக்கு இன்று மும்பைக்கு வெளியே வாரணாசி, கௌஹாத்தி, விசாகப்பட்டினம், பஞ்சாப் என்று பல ஊர்களில் மருத்துவமனைகள் உள்ளன. நாடெங்கும் உள்ள புற்றுநோய் மையங்களைத் தேசியப் புற்றுநோய் வலைப்பின்னலில் இணைத்து, மருந்துகளை மொத்தமாகப் பேரம் பேசி வாங்கி, விலையைப் பெருமளவு குறைத்துக் காட்டிய அனுபவமும் அதற்கு உண்டு. அந்த மையங்களில் மூன்று நான்கிலேனும் செல் தயாரிப்புக் கூடங்களை அணுசக்தித் துறையே அமைத்தால், மும்பையில் கற்றதைப் பிற இடங்களுக்குக் கொண்டு செல்லப் புதிய கண்டுபிடிப்பு ஏதும் வேண்டியதில்லை. வேண்டியது பட்ஜெட்டில் ஒரு வரி. பொதுநிதி பெற்ற எந்தச் சிகிச்சையையும் அரசு மருத்துவமனைகள் தாமே தயாரித்துக்கொள்ளும் உரிமை, நிதி வழங்கும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். செல்லும் கதிர்வீச்சும் இணையும் ஆய்வுகளுக்கு இனிமேல்தான் நிதி கேட்கப்படும் என்பதால், அந்த நிபந்தனையைச் சேர்க்க இன்னும் நேரம் இருக்கிறது.

ஐசோடோப்பு உலையை அரசு–தனியார் கூட்டுக்குக் கொடுக்கும் 2020ஆம் ஆண்டு அறிவிப்பு இதுவரை முறையாகத் திரும்பப் பெறப்படவில்லை. அணுசக்தித் துறை ஊழியர்களின் சங்கங்களும் மருத்துவப் பணியாளர்களின் சங்கங்களும் இணைந்து கையிலெடுக்கக்கூடிய முதல் கோரிக்கை அதன் ரத்துதான். பரேலில் டாடா மருத்துவமனையின் வெளியே, உள்ளே படுக்கை கிடைக்கும்வரை உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் நடைபாதையில் தார்ப்பாய் விரித்துப் படுத்திருக்கின்றன. கதிர்வீச்சு மருத்துவ மையமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது.